மொழியும் நிலமும்: யமால் எரிவாயு வரலாற்றில் நெனெத்ஸ் மக்கள்

1

சோவியத் ஒன்றியத்தின் தேசிய இனக் கொள்கை பற்றி எமது நாட்டு முற்போக்கு ஏடுகளில் வெளிவந்த கட்டுரைகள் பலவாகும். எழுத்து வடிவம் பெற்றிராத மொழிகளுக்கு எழுத்து அமைத்துக் கொடுக்கப்பட்டமை, அம்மொழிகளிற் பாடநூல்களும் செய்தித்தாள்களும் தோன்றியமை, மேய்ப்பரின் பிள்ளைகள் எழுத்தாளராயினமை ஆகியன அக்கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டன. அவை பொய்யான தகவல்கள் அல்ல. ஆயினும் அவை முழுமையான தகவல்களும் அல்ல. மொழிக்கு நிகழ்ந்ததைக் கூறிய நாம், அம்மொழியைப் பேசிய மக்களின் நிலத்துக்கு நிகழ்ந்தது யாது என்ற வினாவை எழுப்பத் தவறினோம். அவ்வினாவைக் காலந்தாழ்த்தியேனும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் தேர்ந்துகொண்ட களம், மேற்குச் சைபீரியாவின் வடமுனையில் அமைந்துள்ள யமால் தீபகற்பமும் அதனைச் சூழ்ந்த பிரதேசமுமாகும். இரு காரணங்களால் இக்களம் முக்கியத்துவம் பெறுகின்றது. ரஷ்யாவில் எடுக்கப்படும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்பிரதேசத்திலிருந்தே கிடைக்கின்றது. அதே வேளை, உலகில் மனிதரால் வளர்க்கப்படும் துருவமான் மந்தைகளுள் மிகப் பெரியவையும் இங்கேயே மேய்கின்றன. அம்மந்தைகளை மேய்ப்போர் நெனெத்ஸ் மக்கள். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரஷ்யா முழுவதிலும் அவர்கள் ஏறத்தாழ 45,000 பேர். 1930 டிசெம்பரில் அமைக்கப்பட்ட யமால்-நெனெத்ஸ் தன்னாட்சிப் பிரதேசம் அவர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெயர் அவர்களுடையது, வாயு யாருடையது என்பதே பிரச்சினை.

2

நெனெத்ஸ் மொழியில் யமால் என்ற சொல் நிலத்தின் முடிவு எனப் பொருள்படும். தெற்கிலிருந்து சென்ற புவியியலாளருக்கும் பொறியியலாளருக்கும் அது உண்மையிலேயே உலகின் முடிவாகத் தோன்றியது. நெனெத்ஸ் மேய்ப்பருக்கோ அது ஆண்டு வட்டத்தின் ஒரு பாதியாகும். மாரியில் ஒப் ஆற்று வளைகுடாவுக்குத் தெற்கேயுள்ள காட்டோரத் தண்டராவில் தங்கி, பனியைக் கிளறி இலைக்கன் உண்ணும் மந்தைகளைக் காத்து, வசந்தத்தில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, கோடையிற் காராக் கடலோரக் காற்றில் நுளம்புத் தொல்லையினின்றும் மான்களைக் காப்பாற்றி, மீண்டும் தெற்கே திரும்புவது அவர்களது வாழ்க்கை முறை. சில குழுக்கள் ஓராண்டில் 1,200 கிலோமீற்றர் வரை இடம்பெயர்கின்றன. இவ்வுற்பத்தி முறையில் நிலமென்பது ஒரு துண்டு மண்ணன்று. பருவத்துக்குப் பருவம் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நெடுவழியாகும். அவ்வழியின் ஓரிடத்தை அடைத்தால் முழுவதும் அடைபடும். பின்னர் நாம் கூறப்போவதை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

இவ்வாழ்க்கையை மாற்றமறியாத தொன்மை வாழ்க்கையாகக் கருதுதல் வரலாற்றுக்கு முரணானது. பெருமந்தை மேய்ப்பு பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்ற ஒன்றாகும். அதற்கு முன்னர் வேட்டையும் மீன்பிடியுமே முதன்மை பெற்றிருந்தன. சில மான்கள் சறுக்குவண்டி இழுக்கவும் வேட்டைக்குப் பயன்படவும் வளர்க்கப்பட்டன. மந்தை பெருகியபோது உடைமை வேறுபாடும் பெருகியது. ஆயிரக்கணக்கான மான்களை உடைய குலத்தலைவரும், அவர்களிடம் கூலிக்கு மேய்க்கும் ஏழைகளும் தோன்றினர்.

சார் அரசு இப்பிரதேசத்தில் தேடியது மென்மயிர்த் தோலை. 1595இல் ஒப்தொர்ஸ்க் கோட்டை எழுப்பப்பட்டது. அதுவே இன்றைய தலைநகரான சலெஹார்ட். 1600, 1601ஆம் ஆண்டுகளில் தாஸ் ஆற்றங்கரையில் மங்கசேயா நிறுவப்பட்டது. வட கடல் வழியாக அந்நகரை அடையும் பாதையை அந்நியர் பயன்படுத்துவர் என்றும் வரி கைநழுவும் என்றும் அஞ்சிய அரசு, 1619இல் அப்பாதையைத் தடைசெய்தது. 1672இல் நகர் கைவிடப்பட்டது. ஒரே ஒரு பண்டத்துக்காக ஆர்ட்டிக்கில் நகரொன்று எழுந்து, அப்பண்டம் அருகியதும் வெறுமையாகியமைக்கு இது முதல் எடுத்துக்காட்டு எனலாம்.

தோல் திறையாக அறவிடப்பட்டது. திறை கட்டியவரை அவருடைய நிலத்தில் இருக்கவிடுவது அரசுக்கு நன்மையாயிருந்தது. ஏனெனில் வேட்டையாடுபவன் இன்றித் தோல் இல்லை. இவ்வகையில் சார் ஆட்சியின் சுரண்டல் நெனெத்ஸ் மக்களின் உழைப்பைச் சார்ந்திருந்தது. 1830களில் வவுலி பியெத்தொமின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இச்சுரண்டலுக்கும், அதற்குத் துணைநின்ற செல்வந்த மூத்தோருக்கும் எதிரானது. அவர் செல்வரின் மந்தைகளைக் கைப்பற்றி வறியோருக்குப் பகிர்ந்தளித்தார். 1841இல் ஒப்தொர்ஸ்க்கில் அவர் பிடிக்கப்பட்டார். அவரது கதை வாய்மொழியாக வழங்கிப் பின்னர் சோவியத் காலத்தில் நெனெத்ஸ் நாடகாசிரியர் இவான் நோகோவின் நாடகத்துக்கும் பொருளாயிற்று.

3

ஒக்ரோபர் புரட்சி இம்மக்களை அணுகிய முறை தொடக்கத்தில் மிகுந்த கவனத்துக்குரியதாக இருந்தது. 1920இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் பேராயத்தில், வெற்றிபெற்ற பாட்டாளி வர்க்கத்தின் துணையுடன் பின்தங்கிய மக்கள் முதலாளித்துவக் கட்டத்தைத் தவிர்த்து முன்னேறக்கூடும் என்ற கருத்தை லெனின் முன்வைத்தார். 1924இல் வடபுல மக்களுக்கு உதவும் குழு அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்ற விளாதிமிர் பொகொராஸ், லெவ் ஷ்தேர்ன்பெர்க் ஆகியோர் சார் ஆட்சியினாற் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கு வாழ்ந்த மக்களிடையே இனவியல் கற்ற புரட்சியாளர்கள். 1930இல் லெனின்கிராட்டில் வடபுல மக்கள் நிறுவகம் தோன்றியது. 1931இல் சலெஹார்டில் ‘செவ்வடக்கு’ எனப் பொருள்படும் பெயருடன் செய்தித்தாள் ஒன்று தொடங்கிற்று. 1932இல் கியோர்கி புரொகோஃபியெவ் இலத்தீன் எழுத்தில் அமைத்த நெனெத்ஸ் அரிச்சுவடி வெளிவந்தது. 1937இல் இலத்தீன் எழுத்து நீக்கப்பட்டு ரஷ்ய எழுத்துப் புகுத்தப்பட்டது.

இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது எமது கருத்தன்று. ஆயின் அதே ஆண்டுகளில் மற்றொரு நிகழ்வும் நடைபெற்றது. மந்தைகள் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. எத்தனை மான்கள் உடையவன் செல்வன், எத்தனை உடையவன் ஏழை என்பது, குலமுறையும் உறவுமுறையும் பேணிய பகிர்வை அறியாத எண்கணிதத்தால் நிருணயிக்கப்பட்டது. பூசாரிகள் வாக்குரிமை இழந்தனர். பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1934இலும் 1943இலும் யமாலில் மேய்ப்பர் எதிர்த்து எழுந்தனர். இவ்வெழுச்சிகளை நெனெத்ஸ் மக்கள் மந்தலாடா என அழைப்பர். இரண்டும் ஒடுக்கப்பட்டன. பிந்தியது உலகப் போரின் நடுவே, போர்முனைக்கென மான்களும் மீனும் கறந்தெடுக்கப்பட்ட சூழலில் நிகழ்ந்தது. எமது ஏடுகள் அரிச்சுவடியைப் பற்றி எழுதின. மந்தலாடாவைப் பற்றி எழுதவில்லை.

நிருவாக வரலாற்றில் ஒரு சிறு மாற்றம் இங்கே பெரும் பொருள் உடையது. 1935இல் வடபுல மக்களுக்கு உதவும் குழு கலைக்கப்பட்டது. அதன் பணிகள் வட கடற்பாதைத் தலைமை நிருவாகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மக்களுக்கெனத் தோன்றிய ஓர் அமைப்பின் இடத்தில், கப்பற் போக்குவரத்துக்கும் கனிவளத்துக்குமெனத் தோன்றிய ஓர் அமைப்பு வந்து அமர்ந்தது. வடபுலம் இனி ஒரு மக்களின் தாயகமாக அன்றி, ஒரு வளத்தின் களஞ்சியமாகவே நோக்கப்படலாயிற்று. 1949இல் சலெஹார்டிலிருந்து இகார்க்கா வரை கைதிகளைக் கொண்டு இருப்புப் பாதை அமைக்கத் தொடங்கியமை அந்நோக்கின் கொடிய வடிவமாகும். 1953இல் ஸ்டாலின் மறைந்ததும் அப்பாதை கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்தெம்பரில், தெற்கே பெரியோசொவோவில் துளையிடப்பட்ட கிணறொன்றிலிருந்து எரிவாயு பீறிட்டெழுந்தது.

4

பெரியோசொவோவுக்குப் பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1962இல் தாஸ் வயல், 1965இல் சபொல்யார்னொயே, 1966இல் உரெங்கோய், 1967இல் மெட்வெஷியே, 1969இல் யாம்பூர்க், 1971இல் யமால் தீபகற்பத்திலேயே பொவனென்கோவோ என வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. உரெங்கோயில் மாத்திரம் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட இருப்பு 10 இலட்சம் கோடி கன மீற்றருக்கு மேற்பட்டது. மெட்வெஷியே 1972இலும், உரெங்கோய் 1978இலும், யாம்பூர்க் 1986இலும் உற்பத்தியைத் தொடங்கின. 1980களில் சோவியத் ஒன்றியம் எரிவாயு உற்பத்தியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளை முந்தியது.

இவ்வளர்ச்சியின் தொழினுட்ப அடிப்படையைச் சிறிது நோக்குதல் வேண்டும். இங்கு நிலத்தின் மேற்பரப்பு கோடையிற் சிறிதளவே உருகும். அதன் கீழ் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் வரை மண் நிரந்தரமாக உறைந்திருக்கும். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழும் வாயு வெப்பமுடையது. அது கடந்துசெல்லும் குழாயைச் சுற்றியுள்ள உறைமண் இளகினால் கிணறும் கட்டடமும் சரியும். எனவே கட்டடங்கள் தூண்கள் மீது உயர்த்தப்பட்டன. மணல் கொட்டி மேடைகள் அமைக்கப்பட்டன. குழாயில் அனுப்பப்படும் வாயு குளிரூட்டப்பட்டது. உறைமண் பொறியியலின் பெரும் பிரச்சினையாகக் கருதப்பட்டு அதற்குத் தீர்வும் காணப்பட்டது. உறைமண்ணின் மீது வளரும் இலைக்கனோ எவருடைய பிரச்சினையாகவும் கருதப்படவில்லை. கோடையில் ஒரு முறை கனரக ஊர்தி சென்ற தடம் பல பத்தாண்டுகள் அழியாது. அழிந்த இலைக்கன் மீண்டும் மேய்ச்சலுக்குத் தகுதியாகவும் பத்தாண்டுகள் பல செல்லும். தரைக்கு மேலே நீண்டு கிடந்த குழாய்கள் மந்தைகளின் வழியை மறித்தன.

இத்தனை பெரிய முயற்சிக்கு வேண்டிய குழாய்கள் எங்கிருந்து வந்தன என்பதும் கேட்கத்தக்கது. 1970 பெப்ரவரி முதலாம் நாள் எஸ்ஸென் நகரில் மேற்கு ஜேர்மனியுடன் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மேற்கு ஜேர்மன் ஆலைகள் பெருவிட்டக் குழாய்களை வழங்கும். மேற்கு ஜேர்மன் வங்கிகள் கடன் வழங்கும். சோவியத் ஒன்றியம் இருபது ஆண்டுகளுக்கு எரிவாயுவாக அதனைத் திருப்பிச் செலுத்தும். உரெங்கோயிலிருந்து உஷ்கொரொட் வரையிலான 4,451 கிலோமீற்றர் நீளமும் 1,420 மில்லிமீற்றர் விட்டமும் உடைய ஏற்றுமதிக் குழாய்ப்பாதையும் இதே ஒழுங்கினாலேயே சாத்தியமாயிற்று. 1981 டிசெம்பரிலும் 1982 யூனிலும் அமெரிக்க அதிபர் றேகன் இதற்கெதிராகத் தடைகள் விதித்தார். மேற்கு ஐரோப்பிய அரசுகள் அத்தடைகளை ஏற்க மறுத்தன. 1982 நவெம்பரில் அவை நீக்கப்பட்டன. உலக முற்போக்காளர் இதனை ஏகாதிபத்தியத்தின் தோல்வியெனக் கொண்டாடினர். அது தோல்வியே, மறுப்பதற்கில்லை. ஆயின் வாஷிங்டனும் மொஸ்கோவும் பொன்னும் வாதிட்ட அவ்விவாதத்தில், குழாயின் தொடக்கமுனையில் வாழ்ந்தோரைப் பற்றி ஒரு தரப்பேனும் பேசியதில்லை. பனிப்போரின் இரு முகாம்களும் ஒருமித்து மௌனம் காத்த இடம் இது.

பிரதேசத்தின் குடிசன வரலாறு இம்மௌனத்தின் விளைவை எண்களிற் காட்டும். 1959இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 62,000 பேர். அவர்களுள் நெனெத்ஸ் மக்கள் ஏறத்தாழ 14,000, அதாவது நூற்றுக்கு 22 பேர். 1989இல் மொத்தத் தொகை ஐந்து இலட்சத்தை அண்மித்தது. நெனெத்ஸ் மக்கள் ஏறத்தாழ 21,000, அதாவது நூற்றுக்கு 4 பேர். அவர்கள் தொகையில் அருகவில்லை, வளர்ந்தே இருந்தனர். தமது பெயர் தாங்கிய பிரதேசத்தில் அவர்கள் சிறுபான்மையினராயினர் என்பதே நிகழ்ந்தது. நதீம், புதிய உரெங்கோய் முதலிய நகரங்களின் தொழிலாளர் உக்ரேனிலிருந்தும் வொல்கா ஆற்றுப் பிரதேசத்திலிருந்தும் பாஷ்கீரியாவிலிருந்தும் வந்தனர். பலர் விமானத்தில் வந்து சில வாரங்கள் வேலைசெய்து விமானத்திலேயே திரும்பினர். வயல்களை ஆண்டவை மொஸ்கோவிலிருந்த அமைச்சுகள். தன்னாட்சிப் பிரதேசத்தின் மன்றத்துக்கு மொழி, பாடசாலை, நாட்டார் கலைக்குழு ஆகியவற்றில் அதிகாரம் இருந்தது. துளைக்கிணறு எங்கே அமையும் என்பதில் இருக்கவில்லை.

5

இந்நிலையை விளக்குதற்கு எமக்குப் பழக்கமான கருத்துகள் போதுமானவையா? குடியேற்றவாதச் சுரண்டல் என்று கூறும்போது நாம் தோட்டத் தொழிலாளியையோ சுரங்கத் தொழிலாளியையோ மனத்திற் கொள்கிறோம். அவனது உழைப்பு உறிஞ்சப்படுகின்றது. ஆதலால் அவனின்றி மூலதனம் இயங்காது. ஆதலால் அவன் வேலைநிறுத்தம் செய்து எதிர்க்கவும் முடியும். நெனெத்ஸ் மேய்ப்பரின் நிலை வேறு. எரிவாயுவை எடுப்பதற்கு அவரது உழைப்புத் தேவையில்லை. சார் அரசுக்குத் தோல் கொடுத்த வேட்டைக்காரன் அதற்கு இன்றியமையாதவனாயிருந்தான். எரிவாயு யுகத்தின் மேய்ப்பரோ சுரண்டப்படுவதற்குக்கூடத் தேவைப்படாதவர். அவரிடமிருந்து வேண்டப்பட்டது அவரது நிலம் மாத்திரமே. அதிலும் அவர் அங்கு இல்லாமை.

மூலதனத்தின் ஆதித் திரட்சி பற்றி எழுதிய மார்க்ஸ், ஸ்கொத்லாந்தின் சதர்லாந்துச் சீமையில் 1814 முதல் 1820 வரை குலமக்கள் ஆட்டு மேய்ச்சலுக்காக வெளியேற்றப்பட்டதை விரித்துரைக்கின்றார். அங்கு நிலத்தினின்றும் பிரிக்கப்பட்டோர் கூலித் தொழிலாளராகும் ஒரு பொதுப் போக்கின் பகுதியாக அந்நிகழ்ச்சி அமைந்தது. யமாலில் முதற்பாதி நடந்தது, மறுபாதி நடக்கவில்லை. நிலப்பிரிவு ஏற்பட்டது, அதற்கு ஈடான தொழில் ஏற்படவில்லை.

இவ்விடத்தில் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் கையாளும் நீர்வீழ்ச்சி எடுத்துக்காட்டு துணைபுரியும். நீராவிக்குப் பதிலாக நீர்வீழ்ச்சியைப் பயன்படுத்தும் உற்பத்தியாளன் மேலதிக இலாபம் பெறுகின்றான். நீர்வீழ்ச்சி அவ்விலாபத்தைப் படைப்பதில்லை. அது எல்லோருக்கும் கிட்டாத இயற்கைச் சக்தி என்பதனால் அவ்விலாபம் சாத்தியமாகின்றது. நிலவுடைமை அதனை வாரமாகப் பறித்துக்கொள்கின்றது. சோவியத் ஒன்றியத்தில் நிலத்தின் தனியுடைமை ஒழிக்கப்பட்டது. ஆகவே வாரம் பறிக்கும் நிலவுடைமையாளன் இல்லையெனக் கருதப்பட்டது. ஆயின் உரெங்கோய் வாயு உலகச் சந்தையில் விற்கப்பட்டபோது உற்பத்திச் செலவுக்கும் விலைக்குமிடையே எழுந்த வேறுபாடு வாரமன்றி வேறென்ன? அதனை அரசு பெற்றது. அந்நியச் செலாவணியாக அது தானியமாகவும் இயந்திரமாகவும் மாறியது. திட்டக் கணக்கில் நிலத்துக்கு விலை இருக்கவில்லை. விலையில்லாத மேய்ச்சல் நிலம் அழிந்தபோது இழப்பென எழுதுவதற்கு ஒரு நிரலும் இருக்கவில்லை.

எனவே எமது விமர்சனம் பொதுவுடைமையின் மீதன்று. பொதுவுடைமை எனப் பெயர்பெற்ற ஒன்றில் பொதுமக்கள் இடம்பெறாமையின் மீதாகும். எல்லோருக்கும் உரிய நிலம் நடைமுறையில் அமைச்சுக்கு உரிய நிலமாயிற்று. நெனெத்ஸ் மக்களுக்கு நிலத்துடன் இருந்த உறவு உடைமை உறவன்று, பயன்பாட்டு உறவு. அவ்வுறவுக்குச் சட்ட வடிவம் காணுதல் தனியுடைமையை அறிந்த முதலாளித்துவத்துக்குக் கடினமாகலாம். சோசலிசத்துக்குக் கடினமாயிருந்திருக்கக் கூடாது. 1881இல் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்துக்கான வரைவுகளில், ரஷ்யக் கிராமச் சமுதாயம் அழிந்தே தீரவேண்டிய எச்சமன்று, சமூகப் புத்துயிர்ப்புக்கு ஆதாரமாகவும் அமையலாம் என்று மார்க்ஸ் சிந்தித்துப் பார்த்தார். தண்டராவின் மேய்ப்பர் சமுதாயத்தை அக்கண்ணால் நோக்கிய திட்டக்காரர் இருக்கவில்லை.

6

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்வரலாற்றின் மிக முக்கியமான சாட்சியம் இலக்கியத்திலேயே உள்ளது. நெனெத்ஸ் வாய்மொழி மரபில் வீரர் பாடல்களும் புலம்பற் பாடல்களும் தனித்தனி வகைகளாக உள. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்லாந்து அறிஞர் கஸ்திரேன் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினார். 1965இல் குப்ரியானோவா ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டார். புலம்பற் பாடல் தன்மைக் கூற்றில் அமைவது. துன்புற்றவரே தமது துன்பத்தைக் கூறுவது. இம்மரபின் பாடல்களிற் பாட்டே ஒரு பாத்திரமாகி, கூடாரத்துக்குக் கூடாரம் சென்று, நடப்பவற்றைக் கண்டு கூறும் உத்தி விந்தையானது. இடம்பெயரும் மக்களின் உற்பத்தி முறை அவர்களது கதைகூறும் முறையிலும் படிந்திருப்பதை இங்குக் காண்கிறோம்.

அரிச்சுவடி பெற்ற தலைமுறையின் பிள்ளைகளுள் ஒருவர் அன்னா நெர்காகி. தண்டராவிற் பிறந்து, விடுதிப் பள்ளியிற் பயின்று, தியுமென் கைத்தொழில் நிறுவகத்திற் சேர்ந்தவர். எரிவாயு வயல்களுக்கு வல்லுநரை உருவாக்கிய நிறுவனம் அது. அவரது ‘நோகோ குலத்து அனிகோ’ 1970களில் வெளிவந்தது. தாய் இறந்த செய்தி கேட்டுத் தந்தையின் கூடாரத்துக்குத் திரும்பும் படித்த மகள், அங்கு தான் அந்நியளாகிவிட்டதை உணர்வதே அதன் மையம். விடுதிப் பள்ளி அவளுக்கு எழுத்தைத் தந்தது. தந்தையோடு பேசுவதற்கு வேண்டிய உலகைப் பறித்தது. இக்கதை ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நெனெத்ஸ் மொழிக்கு எழுத்து அமைந்து நாற்பது ஆண்டுகளின் பின், அம்மக்களின் துயரத்தை மிக ஆழமாகக் கூறிய நூல் அம்மொழியில் எழுதப்படவில்லை.

1980இல் நெர்காகி நகரை விட்டுத் தண்டராவுக்கே திரும்பினார். பின்னர் போலார் ஊரல் மலையடிவாரத்தில் லபொரோவாயாவில் மேய்ப்பர் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்தார். இதனைப் பழைமைக்குத் திரும்புதல் என்று ஒதுக்குவது எளிது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிள்ளைகள் எழுத்தைக் கற்பதற்கு நிலத்தை விட்டு நீங்க வேண்டுமென்ற நிபந்தனையையே அவர் மறுத்தார். புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் பொகொராஸ் போன்றோர் கண்ட கனவுக்கு, அமைச்சுகளைவிட அவரே அணுக்கமாக நின்றார் எனலாம்.

மொழிநிலை பற்றிய ஓர் உண்மை இதனை உறுதிப்படுத்தும். வடபுலச் சிறுபான்மை மொழிகளுட் பெரும்பாலானவை இன்று முதியோரின் மொழிகளாகச் சுருங்கிவிட்டன. தண்டரா நெனெத்ஸ் மொழி ஒப்பீட்டளவில் உயிர்ப்புடன் விளங்குகின்றது. அதிலும் யமாலில் மேய்ச்சல் தொடரும் குடும்பங்களிற் பிள்ளைகள் அதனைப் பேசியே வளர்கின்றனர். எல்லா வடபுல மொழிகளுக்கும் அரிச்சுவடி இருந்தது; பிரதேசம் சிலவற்றுக்கும் இருந்தது. வேறுபாட்டை ஏற்படுத்தியது இடம்பெயர் மேய்ப்பு தொடர்ந்தமையே. நிலம் கையில் இருந்த இடத்தில் மொழி நாவில் இருந்தது.

7

1980களின் பிற்பகுதியில் தடைகள் தளர்ந்தபோது எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1989இல் பொவனென்கோவோவின் அபிவிருத்தியும் அதற்கான பாதை அமைப்பும் குறித்த கண்டனங்களின் பின் சோவியத் அரசு யமால் திட்டத்தை ஒத்திவைத்தது. அதே ஆண்டு யமாலைச் சந்ததியினருக்குக் காப்போம் என்ற கருத்தைப் பெயராகக் கொண்ட சங்கம் தோன்றியது. 1990 மார்ச்சில் வடபுல மக்களின் முதற் பேராயம் மொஸ்கோவிற் கூடி, நிவ்ஹ் எழுத்தாளர் விளாதிமிர் சங்கியைத் தலைவராகத் தெரிந்தது. எழுத்தாளரே தலைவராயினமை தற்செயலன்று; அரிச்சுவடியின் அறுவடை அது.

ஆயின் அதே 1989இல் எரிவாயுத் தொழில் அமைச்சு காஸ்புரொம் என்ற நிறுவனமாக மாற்றப்பட்டது. 1993இல் அது பங்குக் கம்பனியாயிற்று. அமைச்சு வாரத்தைத் திட்டத்தின் பெயரால் எடுத்தது. கம்பனி அதனைப் பங்குதாரரின் பெயரால் எடுக்கலாயிற்று. நிலத்தடிச் செல்வம் அரசுக்கே உரியது என்ற விதி மாறவில்லை. 1999இலும் 2001இலும் பழங்குடி மக்களின் உரிமைகள், மரபுவழி நிலப்பயன்பாடு பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டபோதும் கிணறு வேண்டாமென மறுக்கும் அதிகாரம் அவற்றால் வழங்கப்படவில்லை. 2012 ஒக்ரோபரில் பொவனென்கோவோ வாயு ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே, வடபுல மக்களின் சங்கத்தை ரஷ்ய நீதி அமைச்சு இடைநிறுத்தியது. 2017 டிசெம்பரில் சபெத்தாத் துறைமுகத்திலிருந்து திரவமாக்கப்பட்ட எரிவாயு கப்பலேறியது; அத்திட்டத்தில் ரஷ்ய நிறுவனமான நொவதெக்குடன் பிரெஞ்சு மூலதனமும் சீன மூலதனமும் பங்குகொண்டன.

இதற்கிடையில் தட்பவெப்பமும் மாறலாயிற்று. 2013 நவெம்பரில் பனிமீது மழை பெய்து உறைந்து, மேய்ச்சல் நிலம் பனிக்கட்டித் தகடாயிற்று. அந்த மாரியில் யமாலில் ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் இறந்தன. 2016 கோடையின் கடும் வெப்பத்தில் உறைமண் இளகி அந்திராக்ஸ் நோய் வெளிப்பட்டது; இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மான்களும் ஒரு சிறுவனும் மாண்டனர். தடுப்பூசி போடும் வழக்கம் 2007இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. இதன் பின் மந்தைகள் மிகையாகிவிட்டன, குறைக்கப்பட வேண்டும் என்ற வாதம் அதிகாரிகளிடையே வலுப்பெற்றது. மேய்ச்சல் நிலம் சுருங்கியதைக் கூறாது மான்கள் பெருகியதை மாத்திரம் கூறும் இவ்வாதம், மனிதத் தொகை பற்றி மால்தஸ் கூறியதன் மறுபதிப்பு எனலாம். மந்தைகள் பெருகியமை உண்மை. அதனாலும் மேய்ச்சல் நிலம் தேய்ந்தமை உண்மை. நிலமின்றி மந்தையைக் கணிப்பதே பிழை.

2022 பெப்ரவரியின் பின் நிலைமை மீண்டும் புரண்டது. உக்ரேன் மீதான போர், ஐரோப்பாவுடனான எரிவாயு வாணிபத்தை முறித்தது. 2025 சனவரி முதலாம் நாள், உரெங்கோய் வாயுவை நாற்பது ஆண்டுகள் சுமந்த குழாய்ப்பாதையின் உக்ரேன் வழியான ஓட்டம் நின்றது. மங்கசேயாவின் கடற்பாதை அரசாணையால் மூடப்பட்ட வரலாறு நினைவுக்கு வருகின்றது. பண்டத்தின் வழிகள் மூடப்படும், திறக்கப்படும், திசைமாறும். அவ்வழிகளின் வரலாறு தலைநகரங்களில் எழுதப்படுகின்றது. மந்தையின் வழிகளுக்கு அத்தகைய மாற்றுத் திசை இல்லை.

8

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவாகும். ஒரு மக்களின் மொழியை ஏற்று, அவர்கள் பெயரால் ஓர் ஆட்சிப் பிரதேசத்தையும் அமைத்து, நிலத்தின் மீதான தீர்மானத்தைப் பிறிதோரிடத்தில் வைத்திருத்தல் சாத்தியம். அவ்வாறு செய்யப்படும்போது மொழி நாளடைவில் மேடைக்கும் அரும்பொருளகத்துக்கும் உரியதாகின்றது. சோவியத் தேசிய இனக் கொள்கையின் ஆதரவாளர் அதன் முதற்பாதியைக் கண்டனர். எதிர்ப்பாளர் பெரும்பாலும் அம்முதற்பாதியே பொய் என்றனர். இரு சாராரும் நிலத்தைக் காணவில்லை. எமது நாட்டின் இடதுசாரி இயக்கம் தேசிய இனப் பிரச்சினையை விவாதித்த காலங்களில் அக்கொள்கையையே முன்மாதிரியாகக் காட்டியது. ஆகையால் இக்குறை எம்முடையதுமாகும்.

எரிவாயு எடுக்கப்படாதிருந்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது கோடிக்கணக்கான உழைக்கும் மக்களின் வீடுகளைக் குளிரினின்றும் காத்தது. அதனை எடுத்த தொழிலாளரின் துணிவும் திறனும் மறுக்கவொண்ணாதவை. எங்கே எடுப்பது, எப்போது எடுப்பது, எதனை எடுக்காது விடுவது என்ற வினாக்களில், அந்நிலத்தில் உழைத்து வாழ்வோருக்குத் தீர்மானிக்கும் உரிமை இருந்திருக்க வேண்டும் என்றே கூறுகிறோம். அவ்வுரிமை இல்லாத இடத்தில் உடைமை அரசினதாயினும் கம்பனியினதாயினும் மேய்ப்பருக்கு வேறுபாடு சிறிதே.

இன்று பொவனென்கோவோவில் மந்தைகள் பாதையைக் கடக்கும் நாட்களில், சறுக்குவண்டிகள் சேதமுறாவண்ணம் கற்பாதையின் மீது செயற்கைத் துணி விரிக்கப்படுகின்றது. ஊர்திகள் காத்து நிற்கின்றன. நிறுவனத்தின் விளம்பரங்களில் அக்காட்சி இடம்பெறுகின்றது. அது மெய்யாகவே நடப்பதுதான்; மேய்ப்பருக்கு ஓரளவு உதவுவதுந்தான். ஆயின் துணியை விரிப்பதும் விரிக்காமல் விடுவதும் எவரது கையில் இருக்கின்றது என்பதை நோக்கினால், 1935இல் வடபுல மக்களுக்கு உதவும் குழு கலைக்கப்பட்ட நாளிலிருந்து அடிப்படையில் எதுவும் மாறவில்லை என்பது புலனாகும். அதனை மாற்றுவதற்கு வேண்டிய கருத்துகளை மார்க்சியம் தன்னகத்தே கொண்டுள்ளது என்பது எமது நம்பிக்கை. அக்கருத்துகளை நிலத்தில் நின்று மீண்டும் பயிலுதல் எமது கடன்.